பல்லால் கடித்த நூல்

நேற்று தெருமுனை பார்லருக்குப் புருவம் திருத்தப் போனேன். அந்தப் பெண் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கைகூடக் கழுவாமல், நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்தபடியே ஆரம்பித்துவிட்டார். நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டும் இதைச் செய்யலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நூல் இழுக்கும்போது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அதில் எச்சில் பட்ட நூல் உரசினால் கொப்புளம் வரலாம், சிலருக்கு மருகூட வந்திருக்கிறது.

அப்புறம் வாக்சிங். என் கையில் மெழுகு தடவிய கட்டையையே திரும்பத் திரும்ப மெழுகு டப்பாவுக்குள் விட்டார். எனக்கு முன்னால் வந்தவருக்கும் அதே டப்பாதான்! ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள்கூட உயிரோடு இருக்கும். வேறு கட்டை எடுங்கள் என்றேன். "இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே மேடம்" என்கிறார். யாரும் சொல்லாவிட்டால் சுத்தமாக இருக்க வேண்டாமா?

போதாததற்கு, என்னைக் கேட்காமலே மேலுதட்டிலும் நூல் போட்டுவிட்டு அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார். அவ்வளவு நேரமும் போன் பேச்சு நிற்கவில்லை.

இன்று காலை கண்ணாடியில் பார்த்தால், வலது புருவத்துக்கு மேலே பொடிப்பொடியாகச் சிவந்திருக்கிறது.