துடைப்பம் பிடித்ததால் தோற்கவில்லை பிரதாபருத்திரர்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். ஒடிசாவை ஆண்ட பிரதாபருத்திரர் பூரி ஜகந்நாதர் தேரைத் துடைப்பத்தால் பெருக்கியவர், அந்தப் பக்தியால்தான் போரில் தோற்றார் என்று ஒரு பேச்சாளர் பேசினார். "துடைப்பம் பிடித்த கையில் வாள் நிற்குமா?" என்று அவர் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. எனக்குத் தாங்கவில்லை.

வைணவத் துறவி சைதன்யர் பூரிக்கு வந்தது 1510. பிரதாபருத்திரரின் உதயகிரிக் கோட்டை விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயரிடம் விழுந்தது 1514. நடுவில் பக்தி புகுந்தது, நாடு போனது. கதை முடிந்ததாம்! அந்தக் கோட்டை ஓராண்டுக்கும் மேல் முற்றுகையைத் தாங்கியதே, அது யார் கணக்கு? வடக்கே வங்காளத்து உசேன் ஷா, தெற்கே விஜயநகரம் என்று இரண்டு பக்கமும் போராடியவர் அந்த மனிதர். துடைப்பத்தால் தோற்கவில்லை.

1515இல் கொண்டவீடு கோட்டையில் அவர் மகன் வீரபத்திரன் சிறைபட்டான். மகளை ராயருக்கு மணமுடித்துக் கொடுத்துத்தான் சமாதானம். உதயகிரியின் பாலகிருஷ்ணன் சிலையைக்கூட ராயரின் தலைநகரான ஹம்பிக்குக் கொண்டுபோனார்கள் (அது இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில்). தாத்தா கபிலேந்திரரின் படை தமிழ்நாடு வரை வந்தது. 'ஒட்டியன் கலபை', அதாவது ஒடிசாக்காரன் செய்த கலகம், என்று நம் கல்வெட்டே சொல்கிறது. அந்த வம்சத்தில் வந்தவர் இனி எந்த முகத்தோடு குடிகள் முன் நிற்பார்? ஜகந்நாதரின் முதல் சேவகன் என்ற பெயர் ஒன்றைத்தான் எந்தப் படையாலும் எடுத்துப்போக முடியவில்லை.

போருக்கு முன்பே தேர் பெருக்கினாரே என்பீர்கள். பெருக்கினார். தோற்றபின் அதுவே அவர் அடையாளம் ஆனது. "அப்படியானால் வேஷம்தானே?" அரசியல் இருந்தது, மறுக்கவில்லை. உதயகிரியை வென்ற கையோடு ராயர் திருமலைக்குப் போய்ப் பொன்னால் அபிஷேகம் செய்தாரே, அதை வேஷம் என்று ஒருவராவது சொன்னீர்களா? ஜெயித்தவன் செய்தால் பக்தி, தோற்றவன் செய்தால் கையாலாகாத்தனமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். அப்பாவின் கடை நொடித்தது, கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்பாததால். அதன்பிறகுதான் கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக்குப் போனார். "கோயில் கோயில்னு அலைஞ்சே கடையைத் தொலைச்சான்" என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். எது முன்னால், எது பின்னால் என்று யாரும் பார்க்கவில்லை. உழவாரம் எடுத்த பிறகுதான் அவர் எங்கள் தெருவில் மறுபடியும் தலைநிமிர்ந்து நடந்தார். விழுந்தவன் எழுந்து நிற்க எதையாவது பிடித்தால் அதையும் தட்டிவிடுவதில் என்ன சந்தோஷமோ!

1568இல் ஒடிசா வங்காளச் சுல்தானிடம் போனது. ஆனால் பட்டம் மட்டும் மிஞ்சிய பூரி அரசர் இன்றும் ஒவ்வொரு தேரோட்டத்துக்கும் தங்கப்பிடித் துடைப்பத்தோடு தேரேறிப் பெருக்குகிறார். ஊரே கும்பிடுகிறது. ஹம்பியில் சிம்மாசன மேடை வெறுமனே கிடக்கிறது.