'ஸ்டாட்ல பாஸ் சார், அப்புறம் என்ன?'

விரிசல் விட்ட பால்கனி ஒன்றின் படத்தை ஒருவர் போட்டிருந்தார். அதற்குக் கீழே கமெண்ட்டில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "ஸ்டாட்ல எல்லா மெம்பரும் பாஸ், டிசைன்ல தப்பே இல்ல." அதற்கு அத்தனை லைக்! (ஸ்டாட் என்பது கட்டடம் பாரத்தைத் தாங்குமா என்று கணக்குப் போடும் சாஃப்ட்வேர்; மெம்பர் என்றால் தூண், உத்திரம் மாதிரி அதன் உறுப்புகள்.)

பாஸ் ஆனது நீங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த மாடல். சைட்டில் நிற்கும் பால்கனி அல்ல.

உதாரணத்துக்கு, 1.2 மீட்டர் நீட்டல், 125 மி.மீ. கனத்தில் ஸ்லாப். சொந்த எடை, டைல்ஸ், ஆள் பாரம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 7.1 கிலோநியூட்டன் வைத்தால், சுவரோரத்தில் மொமெண்ட் (ஸ்லாபை வளைக்கப் பார்க்கும் திருப்பு விசை) ஒரு மீட்டர் அகலத்துக்கு 5.1 கிலோநியூட்டன் மீட்டர். நுனியில் 1 மீட்டர் உயரத்துக்கு நாலரை இஞ்ச் செங்கல் கைப்பிடிச் சுவர் எழுப்பினால் இன்னொரு 2.8. பாதிக்கும் மேலே! அதை மாடலில் போட மறந்தாலும் பாஸ்தான் வரும்.

ஸ்லாபின் மேற்பக்க இழுப்பைத் தாங்கும் மேல்கம்பி இன்னொரு கதை. கம்பியை மூடும் காங்கிரீட் (கவர்) 20 மி.மீ., கம்பி 10 மி.மீ. என்றால் எஃபெக்டிவ் டெப்த், அதாவது ஸ்லாபின் அடியிலிருந்து கம்பியின் நடு வரை, 100 மி.மீ. மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் சேர் கம்பி வைக்காமல், காங்கிரீட் போடும்போது மிதித்து 40 மி.மீ. இறக்கிவிட்டால் மிச்சம் 60. பலத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் காலி. இதெல்லாம் ஸ்டாட்டுக்கு எப்படித் தெரியும்?

"அப்போ சாஃப்ட்வேரே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? "கையால் போட்டாலும் தப்பு வரும்." வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையால் போட்டவன் சந்தேகப்படுவான். கலர் ரிப்போர்ட் வைத்திருப்பவன் சண்டைக்கு வருகிறான்.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் அரங்கின் கூரையும் கம்ப்யூட்டர் கணக்கில் நின்றதுதான். கட்டும்போதே கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்கு தொய்ந்தது. கேட்டவர்களுக்கு, இவ்வளவு வித்தியாசம் சகஜம் என்று பதில். 1978 ஜனவரி 18 விடியற்காலை, பனிப்பாரத்தில் மொத்தமாக இறங்கியது. சில மணி நேரம் முன்புவரை உள்ளே கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 5,000 பேர்.

மொத்தப் பாரத்தைத் தனியாகக் கையால் கூட்டி, தாங்கிகளில் இறங்குவதாக சாஃப்ட்வேர் காட்டும் பாரமான சப்போர்ட் ரியாக்‌ஷனோடு ஒப்பிடுங்கள் என்றால் நான் 'பழைய பஞ்சாங்கம்'. பத்து நிமிட வேலை ஐயா! சதுர அடிக்கு இரண்டு ரூபாய்க்கு டிராயிங் கேட்கும் ஊரில் அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் காசு தருவார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். அதற்காக மரியாதையில்லாமல் பேசுவதா?

திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. முதலில் அந்தப் பால்கனியில் யாரையும் நிற்கவிடாமல் அடியில் முட்டு கொடுக்கச் சொல்லுங்கள்.