"வலிக்குதா பாட்டி?"

அல்சைமர் நோயோடு ஆறாண்டுகளாக வாழும் என் பெரியம்மா, சென்ற ஐப்பசியில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வார்டுக்கு வந்த ஒவ்வொரு செவிலியரும் "வலிக்குதா பாட்டி?" என்று கேட்டார், பெரியம்மாவும் ஒவ்வொருவரிடமும் "இல்லம்மா, நீ சாப்பிட்டியா?" என்றார். கேட்டால் மட்டும் தரவேண்டிய வலி மருந்து, கேட்கப்படாததால் தரப்படவே இல்லை. போர்வைக்குள் அவர் கை அதன் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்ததையும், புரட்டிப் படுக்கவைக்கும்போது மூச்சு விட்டுவிட்டு வந்ததையும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இது ஒரு மருத்துவமனையின் குறை மட்டுமன்று. இடுப்பெலும்பு முறிந்தவர்களில், முற்றிய மறதி நோயாளிகளுக்கு, நினைவு தெளிவாக உள்ளவர்களுக்குக் கொடுத்த மார்ஃபின் வகை வலி மருந்தில் மூன்றில் ஒரு பங்கே கொடுக்கப்பட்டதாக, 2000ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் பெயின் அண்ட் சிம்ப்டம் மேனேஜ்மென்ட்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வலியைச் சொல்லும் திறன் குறைந்ததை, வலியே குறைந்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம். மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் இடும் 'பெயினாட்' அளவுகோல் 2003இலேயே வந்துவிட்டது. சில நிமிடங்கள் அருகில் நின்று பார்த்தால் போதும். கருவி எதுவும் வேண்டாம்.

இரண்டாம் இரவு பெரியம்மா சொட்டு மருந்துக் குழாயைப் பிடுங்கி, என்றோ இறந்துபோன தம் தாயை அழைத்துக் கத்தினார். "நோய் முத்திடுச்சு" என்றார் உறவினர் ஒருவர். நோய் ஆண்டுக்கணக்கில் நகர்வது. சில மணி நேரத்தில் வரும் இத்தகைய மாற்றத்திற்குப் பெயர் 'டெலிரியம்' எனப்படும் திடீர்க் குழப்பம். வலி, கிருமித்தொற்று, மலச்சிக்கல், தூக்கமின்மை, ஏன், கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடிகூட அதைத் தூண்டலாம். அதைக் கவனியாமல் விட்டால், பின்னர் நினைவு இன்னும் வேகமாகச் சரியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாங்கள் வற்புறுத்திய பிறகு பாராசிட்டமால் வேளை தவறாமல் தரப்பட்டது, கண்ணாடியையும் மாட்டிவிட்டோம். மூன்றாம் நாள் மாலை போர்வையின் ஓரத்தை அவர் விட்டுவிட்டார்.

இடுப்பெலும்பு முறிந்ததே அவருக்கு நினைவில்லை. ஆகவே பழைய வழக்கப்படி விடியற்காலையில் கோலம் போட எழுந்து நிற்கப் பார்க்கிறார். நாங்கள் முறைபோட்டுக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறோம்.