எலே ஓபெலோங்கேயின் கணக்கு 285-இல் இருக்கிறது

பசிபிக் தீவு நாடான சமோவாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர் பளுதூக்கும் வீராங்கனை எலே ஓபெலோங்கே. (சமோவா மொழியில் 'ஜி' (g) எழுத்துக்கு நம் 'ங' ஒலிதான், ஒபெலோஜ் என்று எழுதுவது தவறு.) அவர் பேச்சு எடுத்தாலே "ஊக்கமருந்தில் மற்றவர்கள் மாட்டியதால் கிடைத்த வெள்ளி" என்கிறார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

பெய்ஜிங் 2008, பெண்கள் பளுதூக்குதல், உடல் எடை 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு. ஸ்நாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 119 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 150, மொத்தம் 269. வெண்கலம் வாங்கிய கஜகஸ்தான் வீராங்கனை 270. ஒரு கிலோ, அதாவது பாரின் இரு முனையிலும் ஒவ்வொரு அரைக் கிலோத் தட்டு. அதில் போனது பதக்க மேடை, அவருக்கு நான்காமிடம். வெள்ளி வாங்கிய உக்ரைனின் ஓல்ஹா கொரோப்கா 277.

உறைய வைத்திருந்த சிறுநீர் மாதிரிகளை 2016-இல் மறுபடி சோதித்தார்கள். கொரோப்காவின் மாதிரியில் டுரினபோல் என்ற ஸ்டீராய்டு ஊக்கமருந்து இருந்தது. உடலில் நெடுநாள் தங்கும் அதன் எச்சங்களைக் கண்டுபிடிக்கும் முறை 2008-இல் இல்லை, பிறகுதான் வந்தது. கஜகஸ்தான் வீராங்கனையும் மறுசோதனையில் மாட்டினார். இருவரின் முடிவும் ரத்தானது, நான்காமிடம் வெள்ளியானது.

இப்போது 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு வாருங்கள். ஸ்நாட்ச் 125, கிளீன் அண்ட் ஜெர்க் 160, மொத்தம் 285, தங்கம். பெய்ஜிங்கில் மருந்தோடு தூக்கப்பட்ட 277-ஐ விட 8 கிலோ அதிகம்! பதக்கம் மாறுவதற்கு ஆறு வருடம் முன்பே அந்த எண்ணைத் தாண்டிவிட்டார். அதே டெல்லியில் அவருடைய சகோதரர் நியுசிலாவும் 105 கிலோ பிரிவில் தங்கம் வென்றார்.

கூடிய 16 கிலோவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஸ்நாட்ச்சில் 6, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 10. ஸ்நாட்ச்சில் பார் ஒரே வீச்சில் தலைக்கு மேல் போய்விட வேண்டும். கைகளை அகல விரித்த பிடி, பார் உடலை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் முன்னாலோ பின்னாலோ விழும். அதனால் கிலோ மெதுவாகத்தான் ஏறும். கிளீன் அப்படியில்லை. தோளில் வாங்கி, முழுக் குந்தலிலிருந்து எழ வேண்டும். அங்கே தொடை பலம் கூடினால் உடனே எடையில் தெரியும். அதற்குப் பிறகு ஜெர்க், களைத்த காலோடு. முழங்கை மடங்கிப் பிறகு நிமிர்ந்தால் நடுவர்கள் சிவப்பு விளக்குப் போடுவார்கள், தூக்கியது செல்லாது. இத்தனையும் தாண்டி 160 நின்றிருக்கிறது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தயவுசெய்து 285-ஐ முதல் வரியில் போடுங்கள்.