பேட் மட்டும் மாற்றினால் பிரேக் வேலை முடிந்துவிடாது

ஒருவர் போட்டிருக்கும் அந்தக் கார் பிரேக் வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நேற்று முழுக்கப் பேசாமல் இருந்தேன். "அரை மணி நேரத்தில் பிரேக் பேட் மாற்றலாம், டிஸ்க்கைத் தொடவே தேவையில்லை." என்கிறார் அதில். நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேட் அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது. பேடை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஓஸில் அப்படியே தொங்கவிடுகிறார். இரண்டும் தவறு என்று சொன்னதற்கு, நான் டிஸ்க்கையும் சேர்த்து விற்கப் பார்க்கிறேனாம். அந்தப் பழி வலித்தது. ஆனாலும் அதை விட்டுவிடலாம். டிஸ்க்கைத் தொடத் தேவையில்லை என்ற பேச்சைத்தான் விட முடியவில்லை.

டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அளந்து பாருங்கள் என்கிறேன். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். துரு மூடியிருந்தால் வயர் பிரஷ் போட்டால் தெரியும். புதிதாக 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 20 மி.மீ. என்று இருக்கலாம். அப்படியானால் பக்கத்துக்கு 1 மி.மீ. தேய்ந்தாலே அதன் ஆயுள் முடிந்தது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சாதாரண வெர்னியர் அளவுகோலும் ஏமாற்றும், ஏனென்றால் பேட் உரசாத வெளி விளிம்பு மேடாக நிற்கும், வெர்னியர் அந்த மேட்டைத்தான் அளக்கும். மைக்ரோமீட்டரை விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் எட்டு இடத்தில் வைத்துப் பாருங்கள். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, சீக்கிரம் கொதிக்கும், வெடிப்பு விடும். மேலே போட்ட புதுப் பேடால் அதைக் காப்பாற்ற முடியாது.

"நான் பேட் மட்டும்தான் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பீர்கள். சரி. தடிமன் மிச்சம் இருந்து, ஆழமான கோடும் வெடிப்பும் இல்லையென்றால் பேட் மட்டும் போதும். அளந்த பிறகு அப்படி முடிவு செய்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

"புது டிஸ்க் போட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறதே" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லும் கோளாறு பெரும்பாலும் வளைவே இல்லை. டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துரு இருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து சுற்றும். 0.05 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தாலே பல வண்டிகளுக்கு அதிகம். மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அங்கே மட்டும் மெலியும். பிறகுதான் நடுக்கம் வரும். பழி டிஸ்க்குக்கு, குற்றம் துடைக்காத ஹப்புக்கு. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். அதை விட்டால் முதல் மிதியிலேயே எண்ணெய் பேடில் ஊறும்.

இப்போது அந்த ஓஸ். காலிப்பர் கனமானது. தொங்கவிட்டால் ஓஸ் உள்ளே கிழியலாம், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகும்?

காலிப்பர் பக்கவாட்டில் நகர்வது ஸ்லைடு பின்னின் மேல்தான், அதை அவர் தொடவே இல்லை. உள்பக்க பேட் தேய்ந்து இரும்பு தெரிகிறது, வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இறுகிப்போன பின்னைத்தான். கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துப் பின்னை மறுபடி இறுக்கும். இதை விட்டுவிட்டுப் பேட் மாற்றினால் புதுப் பேடும் அதே மாதிரிதான் தேயும். பின்சக்கரத்தில் ஹேண்ட்பிரேக் சேர்ந்த காலிப்பர் என்றால், பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பல வண்டிகளில் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகு உடையும். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் என்றால் முதலில் ஸ்கேனரை மாட்டி, பிரேக் மோட்டாரைப் பின்வாங்கவைக்கும் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வழிந்தால் பெயின்ட் போய்விடும்.

"இவ்வளவும் பார்த்தால் வீட்டில் யாருமே வேலை செய்ய முடியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். போல்ட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் உங்கள் வண்டிக்கு உரிய அளவுக்கு இறுக்குங்கள். வீட்டில் செய்வதை யாரும் தடுக்கவில்லை, பாதி வேலையை முழு வேலை என்று சொல்லிக்கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

என்னை உண்மையில் தூங்கவிடாதது வீடியோவின் கடைசிப் பகுதி. சக்கரத்தை மாட்டினார், ஏறினார், வண்டியை எடுத்தார். பெடலை மிதிக்கவே இல்லை. பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. வாசலில் குழந்தை நின்றால்? வண்டி நகர்வதற்கு முன் பெடல் கல்லு மாதிரி ஆகும்வரை மிதிக்க வேண்டும். பிறகு ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, முழுதாக நிற்காமல், எட்டுப் பத்து முறை மிதமாகக் குறைத்து, புதுப் பேடை டிஸ்க்கோடு படியவைக்க வேண்டும்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லவில்லை. என்னைத் திட்டியதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதிக்கும் அந்த அரை நிமிடத்தை மட்டும் படம்பிடித்துச் சேர்த்துவிடுங்கள்.