எப்போது திருப்பித் தருவீர்கள்?

தனிமனித சுதந்திரம் பெரிதா, அரசின் அதிகாரம் பெரிதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. சீட் பெல்ட் போடு என்று சொல்லும் அரசோடு எனக்குச் சண்டை இல்லை. கொள்ளைநோய் பரவும்போது கொஞ்ச நாள் வீட்டுக்குள் இரு என்றால் இருப்பேன். போர் வந்தால் அரசுக்குக் கூடுதல் அதிகாரம் தேவைப்படும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். இதை எப்போது திருப்பித் தருவீர்கள்?

பழைய ரோமானியர்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருந்தது. ஆபத்துக் காலத்தில் முழு அதிகாரத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்தார்கள், ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம்தான். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதை ஆயுள் முழுக்கத் தன்னிடமே வைத்துக்கொண்டார். சில வாரங்களில் அவரைக் கொன்றுவிட்டார்கள். கொன்ற பிறகும் குடியரசு மீளவில்லை.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது பிரிட்டனில் நடந்த ஒரு சின்ன விஷயம். 1939-இல் போர் தொடங்கியதும் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். ஆள்சேர்ப்பு, ரேஷன், பாதுகாப்பு என்று நியாயமான காரணங்கள் இருந்தன. 1945-இல் போர் முடிந்தது, அட்டை மட்டும் முடியவில்லை. போலீஸ்காரர்கள் சாதாரண விஷயத்துக்கெல்லாம் அதைக் கேட்கப் பழகிவிட்டார்கள். 1950 டிசம்பரில் லண்டனில் கிளாரன்ஸ் வில்காக் என்பவர் காரில் போய்க்கொண்டிருந்தார். ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தி அட்டையைக் காட்டச் சொன்னார். வில்காக் மாட்டேன் என்றார். சரி, இரண்டு நாளில் ஸ்டேஷனில் வந்து காட்டு என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றார்.

வழக்கில் அவர் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதே! ஆனால் 1951-இல் அந்தத் தீர்ப்பைச் சொன்ன தலைமை நீதிபதி காடர்ட், போருக்காகப் போட்ட சட்டத்தைப் போர் முடிந்த பிறகும் இப்படிப் பயன்படுத்தினால் ஒழுங்காக இருக்கும் குடிமக்களையும் அது சட்டத்தை மீறுபவர்களாக்கிவிடும் என்று கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அந்த அட்டை ஒழிந்தது.

கவனித்துப் பாருங்கள், அங்கே யாரும் கொடுமைக்காரர் இல்லை. கான்ஸ்டபிள் தன் வேலையைத்தான் செய்தார். அதிகாரம் தங்கிப்போவதற்குக் கெட்டவர்கள் தேவையே இல்லை, பழக்கம் போதும். எனக்குப் பயம் தருவது அதுதான். எகிப்தில் 1981-இல் அதிபர் சதாத் கொல்லப்பட்டதும் வந்த நெருக்கடிநிலை 2012 வரை நீண்டது. நெருக்கடிக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே பிள்ளை பெற்றவர்கள் அங்கே உண்டு.

சரி, ஒவ்வொரு சட்டத்துக்கும் முடிவுத் தேதி போட்டுவிட்டால் போதுமா? அதுவும் போதாது. ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுத்த 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான்கு வருடக் கெடு இருந்தது. கெடு வந்தபோது வேண்டாம் என்று சொல்ல நாடாளுமன்றத்தில் ஆளே இல்லை. எனவே சட்டப்படி நீட்டித்துக்கொண்டார்கள்.

தேதி வரும்போது எழுந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். இந்திய நெருக்கடிநிலையின்போது, 1976-இல், விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி, அவரைவிட இளையவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். அந்த நால்வர் தீர்ப்பு தவறு என்று அதே உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது 2017-இல். அப்போது கன்னா உயிரோடு இல்லை.