பிரேமில் ஒரு குறையும் இல்லை, பாகம்தான் கிடைப்பதில்லை

26 இஞ்ச் சக்கரம் போட்ட பழைய மவுண்டன் பைக்கில் ஒரு பாகத்தை மாற்றப் போனால், வண்டியையே மாற்றச் சொல்கிறார்கள். என் அலுமினிய பிரேமில் ஒரு விரிசல் கிடையாது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மட்டும்தான் போய்விட்டது. சரி, புதுசு வாங்கலாம் என்று தேடினால், நல்ல ஃபோர்க் எல்லாம் கீழே 1.5 இஞ்சுக்கு அகலும் தண்டோடு வருகிறது, மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கும் என் பிரேமின் கழுத்தில் அது நுழையவே நுழையாது. நுழைந்தாலும் அச்சு 15 மில்லிமீட்டர், அதற்கு வேறு ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), அப்புறம் வேறு சக்கரம்.

பின்பக்கம் இன்னும் மோசம். ஹப்பின் அகலம் 135 மில்லிமீட்டராக இருந்தது 142 ஆனது, பிறகு 148. கடைசி மாற்றம் வெறும் ஆறு மில்லிமீட்டர்! 29 இஞ்ச் சக்கரத்துக்கு உறுதி வேண்டும் என்பது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பழைய அளவில் தரமான பாகம் செய்வதை ஏன் நிறுத்த வேண்டும்? பின்னால் 12 கியர் உள்ள 12 ஸ்பீட் போடலாம் என்றால், அதன் 10 பல் சின்னப் பல்சக்கரம் பழைய ஃப்ரீஹப்பில் (பின் ஹப்பில் பல்சக்கரங்களை மாட்டும் பகுதி) உட்காராது, என் ஹப்புக்கு மாற்று ஃப்ரீஹப்பும் கிடைக்கவில்லை.

நல்லவேளை, 9 ஸ்பீட் செயினும் கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுப்பு) இன்னும் கடைகளில் இருக்கின்றன. அவை கிடைக்கும்வரை இந்தப் பிரேமை நான் கைவிடப் போவதில்லை.